வக்கீல் கேட்ட கடிதம்

தி ஹேக்,
11 மார்ச் 2025

சிரஞ்சீவி ஷ்ரேயஸுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். தென்றலும் குழந்தை க்ரிஷும் சௌக்கியமா?

என்னடா, அம்மா பேனாவைத் தூக்கிவிட்டாள் என்று பார்க்கிறாயா? வேறு வழியில்லை. உங்கள் அமெரிக்க அரசாங்கம் எங்கள் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் சிலரைத் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதில் நானும் ஒருத்தி. போர்க்குற்றம் செய்தவர்கள் மேல் வழக்கு நடத்துவதுதான் எங்கள் வேலை. இந்த முறை அமெரிக்காவுக்கு வேண்டியவர்கள் மேல் கை வைத்துவிட்டோம், அவ்வளவுதான் குற்றம். மறுநாளே என் ஈமெயிலைப் பூட்டிவிட்டார்கள். பேங்க் கார்டும் வேலை செய்யவில்லை. கடையில் எடுத்த பாலையும் ரொட்டியையும் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். திருச்சி கோர்ட்டில் அரசு வக்கீலாக இருந்தபோது எத்தனை ரவுடிகளை உள்ளே தள்ளியிருப்பேன். இப்போது அவர்கள் மாதிரி ஆட்கள் இருக்க வேண்டிய பட்டியலில் என் பெயர். சிரிப்புதான் வருகிறது.

சிரிப்பு வராத விஷயம் ஒன்று உண்டு. என் பெயர் வந்ததிலிருந்து நீ போனை எடுப்பதில்லை. ஆபீஸில் வேலை ஜாஸ்தியா? ஒரு வரி போடு.

உன் அம்மா,
காமாக்ஷி


காப்பெல், டெக்ஸாஸ்,
24 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நமஸ்காரம். போனை எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேசினால் ரெக்கார்டு இருக்கும் என்று லாயர் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் காத்திருந்து, இப்போதுதான் க்ரீன் கார்டு இன்டர்வியூ ஜூனில் வந்திருக்கிறது. உன் மேல் போட்ட ஆர்டரிலேயே, நெருங்கிய குடும்பத்தாரையும் நாட்டுக்குள் விடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதாம். தென்றல் ராத்திரியில் தூங்குவதில்லை. நம்மை வெளியே அனுப்பிவிடுவார்களா என்று க்ரிஷ் இங்கிலீஷில் கேட்கிறான்.

நீ ரிசைன் பண்ணிவிடு அம்மா. இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வம்பு? உலகத்தைத் திருத்த வேறு ஆளா இல்லை?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் திருமூர்த்தி அங்கிள் நியூஸில் பார்த்துவிட்டு, "உங்கம்மா பேரும் காமாக்ஷிதானே?" என்று கேட்டார். "அது வேற யாரோ அங்கிள். எங்கம்மா தவறிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். சட்டென்று வாயில் வந்துவிட்டது. தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டு, ஆன்ட்டி மறுநாள் சாம்பார் சாதம் செய்து கொண்டுவந்து கொடுத்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஷ்ரேயஸ்


தி ஹேக்,
5 ஏப்ரல் 2025

சிரஞ்சீவி ஷ்ரேயஸுக்கு,

ஆசீர்வாதம். என்னைக் கொன்றதில் எனக்குக் கோபமில்லை. சாம்பார் சாதம் நன்றாக இருந்ததா?

வேலையை விட முடியாதடா. விவரம் எழுதக் கூடாது, இவ்வளவு மட்டும் சொல்கிறேன். தன் பிள்ளைகளின் உடம்பைச் சட்டைத் துணியை வைத்து அடையாளம் சொன்ன ஒருத்தி இருக்கிறாள். ரொம்ப காலம் என் எதிரே வந்து உட்காருவாள், டீயைக் குடிப்பாள், பேசாமல் எழுந்து போய்விடுவாள். இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள். நான் போனால் அது மூடிக்கொள்ளும். பட்டியல் போட்டவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. திருச்சி வீடு பூட்டித்தானே கிடக்கிறது, மூன்று பேரும் கிளம்பி வாருங்கள். அப்பா போனபோது, கிளம்பினால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டு திரும்பிப் போக முடியாது என்று நீ வரவில்லை. நான்தான் கொள்ளி வைத்தேன். அப்போது உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா? அந்த நாட்டுக்கு இன்னும் எவ்வளவுதான் கொடுப்பாய்?

உன் அம்மா,
காமாக்ஷி


காப்பெல்,
20 ஏப்ரல் 2025

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துத் தென்றல் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாரோ ஒருத்தியின் செத்த பிள்ளைகள் உனக்கு முக்கியம். உயிரோடிருக்கும் உன் பிள்ளை எக்கேடு கெட்டால் என்ன? திருச்சிக்கு வந்து என்ன செய்வது? க்ரிஷுக்கு அ, ஆ கூட எழுதத் தெரியாது.

லாயர் ஒரு வழி சொல்கிறார். உனக்கும் எனக்கும் உறவே இல்லை என்று காட்டினால் விட்டுவிட வாய்ப்பிருக்கிறதாம். என்னைத் தலைமுழுகிவிட்டதாக உன் கைப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பு. காட்டமாக இருக்கட்டும், படிக்கிறவன் நம்ப வேண்டும். நான் கேட்டதாக மட்டும் அதில் வரக் கூடாது. டிரான்ஸ்லேட் பண்ணி ஃபைலில் சேர்த்துவிடுவோம். கார்டு வந்த பிறகு நாம் பழையபடி இருக்கலாம்.

பொய் ஆவணம் அது இது என்று வக்கீல் பேச்சுப் பேசாதே. பெற்ற பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டாயா?

ஷ்ரேயஸ்


தி ஹேக்,
2 மே 2025

ஷ்ரேயஸுக்கு,

இன்றிலிருந்து நீ என் மகன் இல்லை.

உன் அப்பா உயிர் போகும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ வந்துவிடுவாய் என்று அவரை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். மயானத்தில் கேட்டவர்களிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்றேன். இன்று நான் உயிரோடிருக்கும்போதே செத்துவிட்டேன் என்று ஊரில் சொன்னாய். துக்கத்துக்கு வந்த சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டாய். நீ கெட்டவன் இல்லை, பயந்தவன். கெட்டவனாக இருந்திருந்தால் திருந்துவாய் என்று காத்திருப்பேன். எந்தக் கதவு திறக்கிறதோ அதற்குத் தகுந்தபடி தாயை மாற்றிக்கொள்கிறவனை என்ன செய்வது? உன்னைப் பெற்றதற்கு வெட்கப்படுகிறேன்.

நான் போனால் உனக்குச் செய்தி வராது. என் தகனத்தை இந்த ஊர்க்காரர்களே செய்ய ஏற்பாடு செய்துவிட்டேன். நீ கொள்ளி வைக்க வேண்டாம், திதி கொடுக்க வேண்டாம். உன் கையால் எள்ளும் தண்ணீரும் எனக்கு வந்து சேர வேண்டாம். திருச்சி வீட்டை விற்கச் சொல்லிவிட்டேன்.

காமாக்ஷி அனந்தராமன்


காப்பெல்,
30 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

கோடி நமஸ்காரம். பிழைத்தோம். இன்டர்வியூ நல்லபடி முடிந்தது. ஆபீசர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, எனக்காக வருத்தப்படுவதாகச் சொன்னார். கார்டு வந்துவிடும் என்கிறார் லாயர். அவரே அசந்துபோய்விட்டார். அந்த எள்ளும் தண்ணீரும் எப்படித்தான் உனக்குத் தோன்றியதோ. சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவள் நீ.

தென்றல்தான் இது நடிப்பு இல்லை என்று சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறாள். "அம்மா கோர்ட்ல பேசி நீ கேட்டதில்ல" என்று சொன்னேன்.

திருச்சியில் வீட்டைப் பார்க்க ஆள் வந்து போனதாகச் சித்தப்பா சொன்னார். இவ்வளவு தத்ரூபம் வேண்டாம் அம்மா, நிறுத்தச் சொல்லிவிடு. டிசம்பரில் க்ரிஷையும் கூட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வருகிறோம்.

உன் ஷ்ரேயஸ்


தி ஹேக்,
12 ஜூலை 2025

திரு. ஷ்ரேயஸ் அனந்தராமன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் நடிப்பைப் பாராட்டியிருந்தீர்கள்.

நான் எந்த நீதிமன்றத்திலும் பொய் ஆவணம் தாக்கல் செய்ததில்லை. தங்கள் வக்கீலுக்காகவும் செய்யவில்லை. எழுதி முடித்ததும், பொய்யான வரி இருந்தால் அடித்துவிடலாம் என்று திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றாவது இருக்காதா என்றுதான் தேடினேன். இல்லை.

வீடு விற்றாகிவிட்டது. டிசம்பரில் வர வேண்டாம், கதவைத் திறக்க மாட்டேன். அந்தப் பெண் சாட்சி சொல்லி முடித்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தையும் தங்கள் வக்கீலிடம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
காமாக்ஷி அனந்தராமன்