வீல் செயாரில் உப்பு மூட்டை

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று இன்றும் நிற்கவில்லை. முற்றம் முழுக்க மணல். கூட்டியும் பயனில்லை.

விடிய சுபஹு தொழுத கையோடு நடை. தென்னந்தோட்டத்து ஓரமாகப் போய் வந்தேன். மூச்சு வாங்கவில்லை. கொஞ்சம் பெருமை. வந்து உம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வருஷமாக நடக்கிறேன், எண்பது கிலோ உம்மாவைத் தூக்க முடியவில்லை. பிறகென்ன நடை?

ஓகஸ்ட் லீவில் மக்காவுக்கு உம்றா. உம்மா, எனக்கு மூத்தவர் நானா, நான். கஃபாவை ஏழு தரம் சுற்ற வேண்டும், பிறகு ஸஃபா மர்வாவுக்கிடையில் ஏழு தரம். உம்மாவின் முழங்காலுக்கு அது ஏலாது, வீல் செயார்தான். நானாவுக்கு முதுகில் ஒப்பரேஷன் செய்த உடம்பு. அங்கே கூலிக்குத் தள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொல்ல, உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னிய ஆம்புள தள்ளித்தான் நான் அல்லாஹ்ட வீட்டப் பாக்கணும் எண்டா, நான் வரல்ல. நீங்க ரெண்டு பேரும் பெய்த்து வாங்க."

மிச்சம் நான். நாற்பத்தாறு வயது, கணக்கு டீச்சர்.

ஜூலை 8, செவ்வாய்

உம்மாவின் கிளினிக், சீனி வருத்தத்துக்கும் முழங்காலுக்கும். பாதி நாள் வரிசையில். பிசியோ மிஸ் சிங்களம், தமிழ் நன்றாகக் கதைப்பார். விஷயத்தைச் சொன்னதும் என் கையை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், நடந்தா ஹார்ட்டுக்கு நல்லம். ஆனா தள்ளுறதுக்கு கால், முதுகு, கை எல்லாம் ஓணும். அதுக்கு பாரம் தூக்கணும். ஒரு நாள் பாரம், மத்த நாள் நடை. ஒரே நாள் ரெண்டும் செஞ்சா முதல்ல பாரம், பொறகு நடை. ரெஸ்ட்டும் எடுங்க."

மறக்கும் முன்:
– கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், கையில் தண்ணீர்ப் போத்தலோடு
– சுவரில் கை ஊன்றித் தள்ளுதல்
– அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றுதல்
– ரெஸ்ட். (அப்போது யார் சமைப்பது?)

ஜூலை 12, சனி

நானாவின் கடையிலிருந்து மூன்று உப்பு மூட்டை. உம்மாவின் பாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீல் செயாரில் ஏற்றிக் கயிற்றால் கட்டினேன். உம்மா வாசலில் இருந்தபடி, "என்ட எடத்துல உப்பா?"

மணலில் சக்கரம் புதைந்தது. தார் போட்ட காபட் ரோட்டுக்கு வந்த பிறகுதான் ஓடியது. பள்ளிவாசல்துறையிலிருந்து மீன் கொண்டுவருபவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"டீச்சர், உப்புக்கு என்ன வருத்தம்? ஆஸ்பத்திரிக்கா?"

"ஓம். சீனி கூடிட்டாம்."

பாதி வழியிலேயே நெஞ்சு படபடத்தது. நடந்த நாட்களில் கை தாங்கவில்லை, இன்று கை தாங்க மூச்சு தாங்கவில்லை. சந்தி வரை போகாமல் திரும்பினேன். மத்தியானம் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள்.

ஜூலை 17, வியாழன்

வெட்கக்கேடு. வியாழன் சுன்னத்தான நோன்பு, விட மனமில்லை. நேற்றுப் பாரம் தவறிப்போனதால் பாரமும் நடையும் சேர்த்து இன்றைக்கே. விடியுமுன் ஸஹருக்குப் பிளேன்டீயும் பேரீச்சம்பழமும் மட்டும். மூன்றாம் பாடத்தில் கரும்பலகை சுற்றியது. கண் திறந்தால் ஸ்டாஃப் ரூம், மற்ற டீச்சர்மார் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். நோன்பும் போயிற்று.

செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. உம்மா பக்கத்தில் படுக்கச் சொல்லி என் காலை அமுக்கிவிட்டார். அழுகை வந்தது. களைப்பு என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 23, புதன்

இப்போது ஒழுங்காகத்தான். பாரம், நடை, பாரம், நடை. வெள்ளி ரெஸ்ட். நோன்பு நாளில் பாரமில்லை. மூட்டைகளோடு சந்தி வரை நிற்காமல் போனேன். சந்தோஷப்படவும் தெம்பில்லை.

உம்மா இன்றும் இரவுச் சோறு வேண்டாம் என்றார். "பசிக்கல்ல புள்ள." கட்டிலிலிருந்து தூக்க இப்போது லேசாக இருக்கிறது. கை பலம் பிடித்துவிட்டது போல.

குழாய் ஒழுகுகிறது, நானாவிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 26, சனி

காலையில் உம்மா வேர்வையில் நனைந்து, கதை குழறி. சீனி பார்க்கும் மெஷினில் பார்த்தால் பாதாளத்தில். சீனித் தண்ணீரைப் பருக்கினேன், பாதி உடுப்பில். நானா வேன் கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வாட்டில் நர்ஸ் ஏசினார். "சீனிக்குக் குளிசையும் போட்டுட்டு சாப்பிடாமயும் இருந்தா இப்பிடித்தான். வீட்ட ஒருத்தரும் பாக்கிறல்லயா?"

நான்தான் பார்க்கிறேன். பார்த்த இலட்சணம் அது.

உம்மா தெளிந்த பிறகு கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ அண்டைக்கு ஸ்கூல்ல விழுந்தியே. நான் கொஞ்சம் கொறைஞ்சா ஒனக்கு லேசுதானே எண்டு பாத்தன்."

என் கை பலம் பிடித்ததாம்!

"நீங்க கொறையவா நான் இந்தப் பாடு படுறேன்?" என்று கத்திவிட்டேன். வாட்டே திரும்பிப் பார்த்தது. பிறகு வெளியே போய் மதிலோரம் நின்றேன். பயம்.

ஜூலை 28, திங்கள்

காற்று குறைவு. உம்மா நேற்று வீடு வந்தார்.

பகல் சோறும் மீன் ஆணமும். பரீட்சை மண்டபத்தில் நிற்பது போலப் பக்கத்திலேயே நின்றேன். முழுதாகச் சாப்பிட்டு இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு மூட்டைகளை ஏற்றப் போனேன். உம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார், தலையில் முக்காடு போட்டு, வெளிக்கிட்டு.

"உப்ப எறக்கு. நான் ஏறுறன்."

ஏற்றினேன். மணலில் சக்கரம் புதைந்தது. தள்ளினேன், வந்தது. ரோட்டில் ஏறி, சந்தியைத் தாண்டினோம். பிறகு உம்மா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"பாரமா இரிக்கனா, மகள்?"

"ஓம் உம்மா. நல்ல பாரம்."