நேற்று நீ சொன்ன மூன்று வாக்கியங்கள்

பெய்ஷான்,

மீன் கஞ்சி குக்கரில் சூடாக இருக்கிறது. சாப்பிட்டதும் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொள். கார் சாவியைத் தேடாதே, நான் எடுத்துப் போகிறேன்.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் வீட்டில் நீ மயங்கி விழுந்ததிலிருந்து, இன்சூரன்ஸ் விற்றது போதும், இரண்டு வாரம் லீவு போடு என்று கெஞ்சுகிறேன். நேற்றுச் சாப்பிடும்போது ஒருவழியாக ஒப்புக்கொண்டாய். "நீ சொல்றது சரிதான். உன் கவலை எனக்குப் புரியுது. நானும் முதல்ல இப்படித்தான் பயந்தேன்." உடனே உன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தேன்.

காலையில் மேசையை ஒதுக்கும்போது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக நீ எழுதிய பயிற்சித்தாள் கண்ணில் பட்டது. வாடிக்கையாளர் பிடிகொடுக்காவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அதே மூன்று வாக்கியங்கள், அதே வரிசையில்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் சற்று முன் மருத்துவமனையிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. இன்று மூன்று மணிக்கு இருந்த இதயப் பரிசோதனையை நீ ரத்து செய்திருக்கிறாய். உன் காலண்டரில் அதே மூன்று மணிக்கு 'சின்ச்சு' என்று எழுதியிருக்கிறது. அந்த ஊரில் யாருக்கு பாலிசி?

மருத்துவமனையைக் கூப்பிட்டு அதே நேரத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். இரண்டரைக்குக் காரோடு கீழே நிற்பேன். கார் இல்லாவிட்டாலும் சின்ச்சுவுக்கு ரயில் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

யூசென்

பி.கு. நாம் சேர்ந்து வாழும் இந்தப் பதிமூன்று வருடத்தில் நீ அன்பாகச் சொன்ன ஒவ்வொன்றையும் காலையிலிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இன்னொன்று. காரில் ஏறியதும் சமாதானம் சொல்லாதே. "என் வேலையைப் பத்தி உனக்கு என்ன தெரியும்"னு வாய்க்கு வந்தபடி திட்டு. அதை நான் நம்புவேன்.