கடையில் விற்ற தட்டு

மார்ச் 4
இடுப்பு வலி. ஒலிக்காப்பகத்துக்கு வந்திருக்கும் புது அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எதைக் கண்டாலும் வெட்டுவார். இன்று என் அலமாரிக்கு வந்துவிட்டார். நாங்களே பதிவு செய்த பேட்டிகள் இருக்கட்டுமாம். கடையில் விற்ற இசைத்தட்டுகள் நாலாயிரமும் இருபதாம் தேதிக்குள் கிளம்ப வேண்டுமாம். “ஆயிரக்கணக்குல வித்ததுதானே, எல்லார் வீட்லயும் இருக்கும். நாம எதுக்குக் கட்டிக்கிட்டு அழணும்?” மறுப்பு இருந்தால் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். இருபத்தாறு வருடமாக இதையேதான் எழுதுகிறேன். அலுத்துவிட்டது.

மார்ச் 7
இந்தத் தட்டுகளில் பலவற்றை வெளியிட்ட கம்பெனிக்கு போன் செய்தேன். கட்டடம் மாறியபோது மூலப்பதிவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். உங்களிடம்தான் இருக்குமே என்றார் குமாஸ்தா, ரொம்ப இயல்பாக.

மார்ச் 8
ஒரு வரிகூட ஓடவில்லை. படுத்துவிட்டேன்.

மார்ச் 11
அக்கா பேசினாள். அம்மா கோரஸில் பாடிய தட்டு — நடுவில் இரண்டு வரி அம்மா மட்டும் தனியாகப் பாடுவாள் — அதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறதாம். “என்னோடத வீடு மாத்தும்போது போட்டுட்டேன்டி. உன்கிட்ட இருக்குமேன்னுதான்.”

என்னுடையதை நான் தூக்கிப் போட்டதும் அவளிடம் இருக்கும் என்ற அதே நினைப்பில்தான். காப்பகத்தில் ஒன்று உண்டு, நாளைக்கே அனுப்புகிறேன் என்றேன்.

மார்ச் 12
தட்டு இல்லை. அது இருந்த இடத்தில், கழித்துவிட்டதற்கான சீட்டு. ‘கீறல் அதிகம். வெளியில் எளிதில் கிடைக்கும்.’ பதினெட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே என் கையெழுத்து.

அம்மா பாடியதுன்னு தெரிஞ்சேதான் போட்டிருக்கேன். வீட்லதான் ஒண்ணு இருக்கேன்னு. அப்ப அம்மாவும் இருந்தாளே. என்ன மாதிரி ஆளு நான்? அவரப் போய் கத்தரின்னு சொன்னேன் —

மார்ச் 19
ஒரு பக்கமெல்லாம் எழுதவில்லை. சீட்டைத் தாளில் ஒட்டி, அடியில் எழுதினேன்: ‘எல்லாரிடமும் இருக்கும் என்று எல்லாரும் நினைத்ததால் இது யாரிடமும் இல்லை. கழித்தது நான். பாடியவர் என் அம்மா.’ அதிகாரி ரொம்ப நேரம் படித்தார். பிறகு, “உக்காருங்க” என்றார்.

மார்ச் 21
தட்டுகள் அப்படியே இருக்கின்றன. அம்மாவின் தட்டைக் கழித்தது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். “சரி விடு. சாப்ட்டியா?” என்றாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2
வீடு காலி செய்யும் ஒருவர் ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். கடைசி வரை புரட்டிப் பார்த்தேன். அம்மா இல்லை.

பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது ஒரு நாய்க்குட்டிப் பாட்டு. ஏற்கெனவே எங்களிடம் இரண்டு இருக்கிறது. மூன்றாவதையும் பதிவேட்டில் பதிந்து உள்ளே வைத்தேன்.