வலது இறக்கைக்குப் போகாத கப்

அல்சூர் மெட்ரோ வாசலில் பையைச் சோதிக்கும் அம்மா இன்று காலை உன் கப்பை வெளியே எடுத்துவிட்டார். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கப், நடுவில் ஒரு குச்சி. "இதேனு மேடம்?" என்று மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். விமான பெட்ரோல் வாசனை எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை. மருந்து அளக்கிறது என்று கன்னடத்தில் புளுகிவிட்டு வந்து ரயிலில் உட்கார்ந்தேன். உன் கப் என்னிடம் எப்படி வந்தது என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உனக்காவது சொல்லிவிடுகிறேன்.

நாம் ஒன்றாகத்தான் பறக்கக் கற்றோம். ஜோகுபாளையத்திலிருந்து பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வடக்கே இருக்கும் அந்தச் சின்ன ஓடுதளத்துக்குப் போவாய். லைசென்ஸ் வாங்கிய பிறகும் சனிக்கிழமை தவறியதில்லை. ஆபீசில் எல்லாவற்றையும் ஒப்பேற்றுகிறவன், விமானத்துக்குப் பக்கத்தில் வந்தால் மட்டும் வேறு ஆள். சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாய். பெட்ரோல் காட்டும் முள்ளை நம்பாமல், இறக்கைக்குள் இருக்கும் டேங்கில் குச்சி விட்டு அளப்பாய். இறக்கைக்கு அடியில் கப்பை அழுத்திக் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பாய். "தண்ணி அடியில தனியா நிக்கிற கோடு தெரியலன்னா சுத்தம்னு நினைச்சுடாத. முழுக்கத் தண்ணியா இருந்தாலும் கோடு தெரியாது. நம்ம பெட்ரோல் நீலமா இருக்கும். நீலமா இருக்கா பாரு, மோந்து பாரு" என்பாய். நடுவில் யாராவது பேசினால் போச்சு. பதில் சொல்லாமல் கையை உயர்த்திவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிப்பாய்.

அந்தக் கைதான் எனக்கு ஆகவில்லை. ஒரு நாள் எல்லார் முன்னாலும் என்னிடமும் அப்படிக் காட்டினாய். "பெரிய இவன்! ஒரு வார்த்தை பதில் சொன்னா வானமா இடிஞ்சு விழுந்துடும்? உடம்பெல்லாம் திமிருடா உனக்கு" என்று கத்திவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க நீ போன் பண்ணியும் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தனியாக ஆட்டோ பிடித்து வந்தேன். முந்தின நாள் நல்ல மழை. விமானம் வெளியில்தான் நின்றிருந்தது. நீ இடது இறக்கையை முடித்துவிட்டு வலது பக்கம் போய்க்கொண்டிருந்தாய். கோபம் தீர்ந்தது என்று காட்ட நினைத்து, "நாளைக்கு அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். பிரியாணிக்கு எத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்டேன். கை உயரும் என்றுதான் எதிர்பார்த்தேன். நீ சிரித்தாய். "இரு, அவளைக் கேட்டுச் சொல்றேன். இதைப் பிடி" என்று கப்பை என் கையில் கொடுத்துவிட்டு உன் மனைவிக்குப் போன் செய்தாய். "மூணு பேர். எக்ஸ்ட்ரா பீஸ் எனக்கு" என்றாய். போனைப் பைக்குள் போட்டாய். ஏறிக் கதவைச் சாத்தினாய்.

கப் என் கையிலேயே இருந்தது. நானும் லைசென்ஸ் வாங்கினவள்தானே? டாட்டா காட்டிக்கொண்டு நின்றேன், சனியன்.

மரங்களைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. அப்போதும் நீ தப்புச் செய்யவில்லை. ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்க்காமல், மூக்கைத் தாழ்த்தி நேராகவே இறக்கினாய். நேரே ஒரு லேஅவுட்டின் காம்பவுண்டுச் சுவர் இருந்தது. வலது டேங்கில் தண்ணீர், சரியாகச் சோதிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். கிளப்பில் உன் பேச்சு வந்தால் 'அலட்சியம்' என்கிறார்கள். யார், நீயா அலட்சியம்! நான் டீ குடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்ததில்லை. உன் மனைவி கேட்டபோதுகூட, "சிரிச்சுட்டுதான் போனான்" என்று மட்டும் சொன்னேன்.

உன் மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. எல்லார் வாயையும் அடைத்தவன் அன்றைக்கு எனக்கு மட்டும் ஏன்டா பதில் சொன்னாய்?

நேற்று நான் வலது இறக்கைக்கு அடியில் குனிந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒருவர், "மேடம், காபி சாப்பிடறீங்களா?" என்றார். பாவம், மரியாதையாகத்தான் கேட்டார். கையை உயர்த்தினேன். கப்பைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். "தும்பா திமிரு இவங்களுக்கு" என்று அவர் கன்னடம் கலந்து யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும். அந்தத் திமிர் உன்னுடையது. உன்னிடமிருந்து பிடுங்கினவள் நான்தான்.