குருவி எடுத்துப்போன கை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பரவாயில்லை என்று எழுதாதீர்கள். மாடிப்படி ஏற முடிகிறதா, அதைச் சொல்லுங்கள். அம்மா நலமா? நான் நலம், சளி மட்டும் கொஞ்சம்.

குருவிகளுக்காக நான் செய்து ஆய்வகத்துக்கு வெளியே மாட்டிய கூட்டுப் பெட்டியில் கேமரா, சூடு ஏறினால் தானாகத் திறக்கும் காற்றுவழி எல்லாம் வைத்தும் ஒன்றுகூட எட்டிப்பார்க்கவில்லை. “குருவியே வராத பெட்டிக்குக் கேமரா எதுக்குப்பா? மாசக் கடைசியில கழட்டிடு” என்றார் பேராசிரியர். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் இன்னும் எரிச்சல்.

அந்த வாரம், நீங்கள் பின்னிய நீல ஸ்வெட்டரைத் துவைத்து ஜன்னலில் போட்டிருந்தேன். வலது கை நீளம் என்று அம்மா சிரித்தாரே, அந்தக் கையை ஒரு குருவி இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தது. விரட்டத்தான் போனேன். அதற்குள் பறந்துவிட்டது. கைப்பேசியில் கேமராப் படத்தைப் பார்த்தால் என் பெட்டிக்குள் நீல நூல்.

நீளமான நூல் குஞ்சுகளின் காலைச் சுற்றிவிடும். அதனால் அதை வெளியே எடுத்துவிட்டு, ஸ்வெட்டரின் வலது கையில் இன்னும் அதிகமாக இருந்த நீளத்தை நானே பிரித்து, சின்னச் சின்னதாக வெட்டி ஜன்னலில் வைத்தேன். குருவி முழுவதையும் தூக்கிப்போய்விட்டது. இப்போது உள்ளே முட்டைகள். கழற்றச் சொன்னவரே தினமும் வந்து, “தாயார் சாப்பிட்டாங்களாப்பா?” என்று குருவியைப் பற்றி விசாரிக்கிறார்.

இரண்டு கையும் இப்போது ஒரே அளவு, அம்மாவிடம் சொல்லுங்கள்.

முடிந்தால் இன்னொன்று பின்னி அனுப்புங்கள். அதிலும் வலது கை நீளமாகவே இருக்கட்டும். விரல்களை அதற்குள் இழுத்துக்கொண்டு தூங்கிப் பழகிவிட்டேன்.

ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகன்