அம்மா கையெழுத்துப் போட்ட விண்ணப்பம்

அன்பு மகள் பெவர்லிக்கு,

நெல்சனிலிருந்து அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை கிரகாமும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆஸ்திரேலியாவில் உங்கள் ஹோபார்ட்டில் இப்போது வெயில் ஏறியிருக்கும், இங்கே இங்கிலாந்தில் நாலு நாளாக ஆலங்கட்டி மழை, மலைப்பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. என் நெஞ்சுச்சளி இறங்கிவிட்டது, மூட்டுவலி மட்டும் அப்படியேதான். மாத்திரையை மறக்காமல் போடுகிறேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

வீட்டு வேலை போன செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது. குளிர் புகாமலிருக்க வெளிச்சுவர்களுக்கு உள்பக்கமாகத் தடித்த பலகை அடித்து, பரண் முழுக்கக் கம்பளி மாதிரி ஒன்றைப் பரப்பி, வீட்டைச் சூடாக்குகிற பழைய பாய்லரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு வைத்துக் கொடுத்தார்கள். குறைந்த வருமானக்காரர் வீடுகளுக்கு எரிவாயுக் கம்பெனிகளே செலவு பண்ணிச் செய்து கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கச் சட்டம், அதனால் நம் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதில்லை, படிக்கட்டில் மூச்சு புகையாகத் தெரிவதில்லை. போனில் இதைச் சொன்னபோது நீ, "அம்மா இருக்கும்போதே இந்தத் திட்டம் வந்திருக்கக் கூடாதாப்பா"ன்னு கேட்டாய். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

வந்தது கண்ணு. அம்மா இருக்கும்போதே வந்தது. அவள் போவதற்கு மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், நெஞ்சு நோய்க்காரர் இருக்கும் வீட்டுக்கு முன்னுரிமை என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அம்மா சமையலறையில் ரொட்டி சுடுகிற அடுப்பின் கதவைத் திறந்து வைத்து, அந்தச் சூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். உனக்குத் தெரியும், அப்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கும். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். எரிவாயு பில் என் பெயரில் இருந்ததால் என் கையெழுத்தும் வேண்டும். "டெரிக், நீயும் போட்டுத் தபால்ல சேர்த்துடு"ன்னு நீட்டினாள். சரி என்று வாங்கிக் கோட்டுப் பையில் வைத்தேன். போடவில்லை. அனுப்பவும் இல்லை.

ஏன் என்று கேட்பாய். என் தம்பி வீட்டில் இப்படி இனாமாகச் சுவருக்குள் என்னவோ அடைத்துவிட்டுப் போய், பூசணம் பிடித்துக் கிடந்ததே, அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தத் தாளில் நம் வருமானத்தையும் அரசாங்கம் கொடுக்கிற உதவியையும் எழுத வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன், வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள முடியாதவன் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வாசலில் அவர்கள் வண்டி வந்து நின்றால் தெருவுக்கே தெரியும். அந்த வெட்கம், அவ்வளவுதான். அதற்காக அவளை மூன்று குளிர்காலம் கோட்டும் குல்லாவுமாகப் படுக்க வைத்தேன். தினமும் காலையில், "தபால் ஏதாச்சும் வந்துச்சா?"ன்னு கேட்பாள். நான் வரவில்லை என்பேன். "இந்தக் கம்பெனிக்காரங்களே இப்படித்தான்" என்று கூடவே திட்டவும் செய்வேன், பெவ். அதையும் செய்தேன்.

போன மார்ச்சில் எனக்கு நிமோனியா வந்தபோது ஆஸ்பத்திரி நர்ஸம்மா அதே மாதிரி விண்ணப்பம் ஒன்றைக் கட்டிலுக்கே கொண்டு வந்தார். எனக்கென்று வந்ததும் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால்தான் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. வேலையாட்கள் போன பிறகு ஹீட்டரை அணைத்துவிட்டுக் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு ஷாஹிதா புலாவ் கொண்டு வந்தவள் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், புது வீட்ல பழைய குளிரா?"ன்னு சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அப்புறம், "ஆன்ட்டிக்குத் தெரியும் அங்கிள். உங்க கோட்டைச் சலவைக்குப் போட எடுத்தப்பவே அதைப் பாத்துட்டாங்க, என்கிட்ட சொன்னாங்க. நாம வேற விண்ணப்பம் போட்டு அனுப்பலாமான்னு நான்கூடக் கேட்டேன். 'வேணாம்மா, நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தலைநிமிர மாட்டாரு, அவரா போடட்டும்'னு அதே பையில திருப்பி வச்சுட்டாங்க" என்றாள்.

அப்படியானால் அந்தத் தினசரிக் கேள்வி தபாலுக்காக இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு காலையிலும் ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள். நான் ஒவ்வொன்றையும் பொய் சொல்லித் தட்டிவிட்டேன். வீடு சூடாக இருந்திருந்தாலும் டாக்டர் அவளுக்கு அவ்வளவு நாள்தான் என்றிருப்பார், யாருக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களைக் குளிரில்லாமல் கழித்திருப்பாள், அது மட்டும் எனக்கு நிச்சயம். மறுபடி ஹீட்டரைத் திருகிவிட்டவள் ஷாஹிதாதான். "ஆன்ட்டி நடுங்கினதுக்கு நீங்களும் நடுங்கினா கணக்குத் தீந்துடுமா? சும்மா நடிக்காதீங்க, சாப்பிடுங்க" என்று அதட்டினாள். சாப்பிட்டேன்.

இதை உன்னிடம் சொல்லாமல் செத்துப் போயிருக்கலாம். நீ என்னை நல்ல அப்பா என்று நினைத்தபடியே அடக்கத்துக்கு வந்திருப்பாய். அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது. மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயில்லை. கோபம் வந்தால் அடக்காதே, கிரகாமிடம் சொல்லி அழு. அம்மாவைப் போல மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே, அந்தக் குணம் உனக்கும் இருக்கிறது, எனக்கு அதுதான் பயம்.

சின்னவனுக்குப் பல் டாக்டரிடம் போகும் நாள் தள்ளிப் போகாமல் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. உங்கள் நால்வரையும் கர்த்தர் காப்பாராக. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய். இந்தக் கடிதம் வந்த பிறகு எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் கூப்பிடாமல் இரு, அது உன் இஷ்டம். ஆனால் நான் இனி கோயில் முடிந்ததும் எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உன் அப்பா,
டெரிக் ஹோல்கேட்