காட்டுக்குப் பின்னால் நின்ற நிலா

குளத்தடி,
ஒட்டுசுட்டான்.
12.01.2026

அன்புள்ள ஜனாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கத் தேவையில்லை. வவுனியாவில் உங்கள் அக்கா வீட்டில், சுமித்திரா மச்சாளின் கையால் மூன்று வேளையும் சாப்பிடுகிறவருக்குச் சுகத்தில் என்ன குறை வரப்போகிறது.

கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த இடமாற்ற விண்ணப்பமும் கிடைத்தன. போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, இனி எழுதிக்கொள்வோம் என்று நீங்கள் சொன்னபோது சிரிப்பு வந்தது. இப்போது நல்லது என்றே படுகிறது. கடிதத்தில் ஒருவர் முடிக்கும் மட்டும் மற்றவர் வாயைத் திறக்க முடியாது.

நானும் வவுனியாவுக்கு மாற்றம் கேட்க வேண்டும், மார்ச் முடிவதற்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் அவரவர் வழியைப் பார்ப்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் தருவேன். ஆனால் போன வருடம் நீங்கள் மாற்றம் கேட்ட கதையை நான் உங்கள் வாயால் கேட்கவில்லை. ஆசிரியர் அறையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றபோது அதிபர் சொல்லித்தான் அறிந்தேன். "உங்களுக்குத் தெரியாதோ ரீச்சர்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அது கிடக்கட்டும். இப்போது வந்திருக்கிற வினை வேறு. நீங்கள் விட்டுவிட்டுப் போன தரம் எட்டு, ஒன்பது விஞ்ஞானத்துக்கு ஒரு வருடமாக ஆள் வரவில்லை. "விஞ்ஞான மாஸ்டருக்கு வாழ்க்கைப்பட்டனீங்கள், கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லி அதிபர் தமிழ் ரீச்சரான என்னிடம் புத்தகத்தைத் தந்துவிட்டார். மார்ச்சில் வலயக் கல்விப் பணிமனையில் இருந்து ஒரு மேடம் வந்து பாடத்தைப் பார்ப்பாவாம். சரிவரவில்லை என்றால் இரண்டு வகுப்பையும் மூடி, பிள்ளைகளை ஒட்டுசுட்டான் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் அனுப்புவார்களாம். காலையில் அந்த றோட்டில் யானை நிற்கிற கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெட்டைகளை எந்தத் தாய் தகப்பன் அனுப்புவினம்?

முதலாம் தவணைக்கு அமிலமும் மூலமும், பிறகு சூரியன் சந்திரன். இரண்டிலும் எனக்கு ஒன்றும் தெரியாது. சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எனக்குச் சொல்லித் தாங்கோ.

தர்மிளா

*

வவுனியா
19.01.2026

அன்பின் தர்மிளா,

உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஆசிரியர் அறைக் கதைக்கு இப்போது பதில் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை. பாடத்துக்கு வருகிறேன்.

முதலாவது விதி: வகுப்பில் செய்யப்போகிற எதையும் முதல்நாள் வீட்டில் செய்து பாரும். புத்தகத்தில் சரிவருவது எல்லாம் கையில் சரிவராது. இரண்டாவது: தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்லும். மூன்றாவது விதி ஒன்று இருந்தது, மறந்துவிட்டேன்.

ஆய்வுகூடச் சாமான் இல்லை என்று யோசிக்க வேண்டாம். வேலியில் நிற்கிற செவ்வரத்தம்பூவில் ஏழெட்டை அவித்து வடியும். அமிலமா மூலமா என்று நிறத்தால் காட்டிக்கொடுக்கிற காட்டி அந்தச் சாறுதான். தேசிக்காய்ப் புளி விட்டால் சிவக்கும், அதாவது அமிலம். சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சையாகும், அதாவது காரத்தன்மை உள்ள மூலம். வெறும் தண்ணீர் விட்டால் நிறம் மாறாது, நடுநிலை. சந்திரனின் பிறைகளுக்கு ஒரு விளாம்பழமும் ரோச் லைற்றும் போதும். அறையை இருட்டாக்கி, ரோச்சை மேசையில் வைத்து, விளாம்பழத்தைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு பிள்ளை தானே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். பிள்ளையின் தலைதான் பூமி. இதைப் படத்தில் கீறிக் காட்டினால் ஒருவருக்கும் விளங்காது.

உமது மச்சாள் சுகம் கேட்கச் சொன்னா. பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறா. கிணறு நல்லது. அந்த விண்ணப்பத்தை மறக்க வேண்டாம்.

ஜனார்த்தனன்

*

குளத்தடி
01.02.2026

அன்புள்ள ஜனாவுக்கு,

உங்கள் முதலாவது விதி வாழ்க. வீட்டில் செய்து பார்த்திராவிட்டால் வகுப்பில் மானம் போயிருக்கும்.

குசினியில் ஐந்து கோப்பையை வரிசையாக வைத்தேன். தேசிக்காய் சிவந்தது. சவர்க்காரம் பச்சை. சந்தோசத்தில் கைதட்டினேன், கேட்க ஆள் இல்லை. பிறகு நடுநிலை என்று நீங்கள் சொன்ன வெறும் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் விட்டேன். அது பச்சை பிடிக்கிறது! கோப்பையில் சவர்க்காரம் ஒட்டியிருக்கும் என்று கழுவிக் கழுவி நான்கு தரம் செய்தேன். நான்கு தரமும் பச்சைதான். எது பிழை? பூவா, நானா, புத்தகமா, நீங்களா? நான் உங்களைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

விளாம்பழம் நன்றாகப் போனது. மதுசன் என்று ஒரு குழப்படிக்காரன், ஒன்பதில் இருக்கிறான். சுற்றிக்கொண்டு வந்தவன் பாதியில் நின்று, "ரீச்சர், பிறை வருது! பழத்திலை பிறை வருது!" என்று கத்தினான். பதினெட்டுப் பிள்ளைகளும் சுற்றி முடிக்க மணி அடித்துவிட்டது. பழம் விழுந்து உடைந்ததைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள்.

ஜனா, பதினொரு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தச் சந்தோசம் போகவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

தர்மிளா

*

வவுனியா
09.02.2026

அன்பின் தர்மிளா,

பூவிலும் பிழை இல்லை, உம்மிலும் பிழை இல்லை, பிழை என்னுடையது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புத் தன்மை அதிகம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நீர் மாதம் ஒருதரம் சுரண்டுவீரே, அதுதான். கொஞ்சம் மூலத் தன்மை இருக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்துச் செய்து பாரும். பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். அவரவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது.

போனை எடுத்துவிட்டு வைக்க வேண்டாம். எடுத்தால் நான் சண்டை பிடிக்க மாட்டேன். சரி, பிடிப்பேன். ஆனாலும் எடும்.

இப்போது ஒரு பெரிய சங்கதி. மார்ச் மூன்றாம் திகதி, செவ்வாய்க்கிழமை, சந்திர கிரகணம். முழுக் கிரகணம் எங்களுக்குப் பகலில் முடிந்துவிடும். ஆனால் பின்னேரம் ஆறு இருபதுக்கு நிலா உதிக்கும்போது ஒரு பக்கம் கடிபட்டபடி உதிக்கும். ஆறு நாற்பத்தேழு மட்டும் பார்க்கலாம். சூரியன் மேற்கில் விழ, பூமியின் நிழல் கிழக்கில் நிலாவின்மேல் கிடப்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். எந்தப் புத்தகம் இதைக் காட்டும்? குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், பொழுதுபட யானை தண்ணீருக்கு வரும். பள்ளிக்கூட மைதானமே போதும். ஆறு மணிக்கெல்லாம் கிழக்கே பார்த்து நிற்க வையும். நான் அங்கே நின்றிருக்கலாம் என்று இருக்கிறது.

ஜனார்த்தனன்

*

குளத்தடி
05.03.2026

ஜனா,

இந்தக் கடிதத்தைக் கோபத்தோடுதான் தொடங்குகிறேன். முடிக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியாது.

கிரகணத்தில் பிள்ளைகளை வெளியே விடுவிப்பது எவ்வளவு பாடு தெரியுமா? கோயில் கதவு பூட்டு, அடுப்பு அணைப்பு, பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். மூன்று நாள் வீடு வீடாக நடந்தேன். ஒன்பதில் படிக்கிற பிரஷாந்தினியின் தகப்பன் வீரபாகு அண்ணை, "கிரகணத்திலை குமர்ப்பிள்ளையை வெளியிலை நிப்பாட்டுறதோ ரீச்சர்?" என்று ஒரே பிடி. "நீங்களும் கூட வந்து நில்லுங்கோ அண்ணை. முடிஞ்சதும் தலை முழுக வாத்துப்போட்டுச் சோறு குடுங்கோ, நான் மறிக்கேல்லை" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

ஆறு மணிக்குப் பதினெட்டுப் பிள்ளைகளும் பத்துப் பன்னிரண்டு பெற்றோரும் மைதானத்தில். ஆறு இருபது. காடு. ஆறரை. காடு. ஆறு நாற்பத்தேழுக்கும் காடுதான் தெரிந்தது. ஏழு மணிக்குப் பிறகு பாலைமரத்துக்கு மேலால் நிலா வந்தது. ஒரு குறையும் இல்லாமல், வட்டமாக. வீரபாகு அண்ணை நல்ல மனிதர், ஏசவில்லை. "ராகு விழுங்கிப்போட்டுத் துப்பியும் போட்டான் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

ஆறு வருடம் அந்த மைதானத்தில் கிரிக்கெட் அடித்தீர்கள். பந்து விழுந்து தொலைகிற காடு எந்தப் பக்கம் என்று தெரியாதா? நான் அங்கேயே இருக்கிறவள், எனக்கும் யோசனை போகவில்லை. நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அதுதான் என் பிழை.

புதன்கிழமை வகுப்புக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். உங்கள் இரண்டாவது விதிப்படி, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்று சொன்னேன்.  பிறகு மதுசன் கேட்டான்: "அப்ப ரீச்சர், நிலா காட்டுக்குப் பின்னாலை கிரகணத்தோடைதானே நிண்டிருக்கும்? எவ்வளவு நேரம் நிண்டிருக்கும்?"

அளந்து பார்ப்போம் என்றேன். எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனேன். கோணமானியில் நூல் கட்டி, நூலில் கல் கட்டி, முதல்நாள் நின்ற இடத்தில் நின்று மர உச்சியைப் பார்த்தார்கள். பதினொரு பாகை வந்தது. நிலா மணித்தியாலத்துக்குப் பதினைந்து பாகை ஏறும் என்று புத்தகத்தில் இருந்தது. பிரஷாந்தினி மண்ணில் தடியால் கணக்குப் போட்டு, நிலா மரத்துக்கு மேலே வர முக்கால் மணித்தியாலம் வேண்டும், கிரகணம் முடிந்தபோது அது ஏழு பாகையில்தான் நின்றிருக்கும் என்றாள். நாலு பாகையால் தவறவிட்டோம். அவள் அன்றைக்கே போய்த் தகப்பனுக்கு விளங்கப்படுத்தினாளாம்.

கோபம் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியை வைத்திருக்கிறேன்.

தர்மிளா

*

வவுனியா
10.03.2026

தர்மிளா,

உமது கடிதம் கிடைத்த நேரம் தொட்டு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் போனில் பார்த்து உமக்கு எழுதியது வெட்டவெளியில் நிற்பவனுக்கு உரிய நேரம். அங்கே நிலா பிந்தித்தான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். முழுநிலா வருகிற பறுவத்துக்குப் பறுவம் வாசல் படலையடியில் உம்மோடு நின்று பார்த்தவன் நான். ஒரு வருடத்தில் அதை மறந்துபோனேன். உம்மை அத்தனை பேருக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய பிழைக்கு ஜனவரியில் நீர் எழுதியபோதே பதில் எழுதியிருக்க வேண்டும். எனக்கு உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்க ஆசை. உம்மிடம் கேட்டால் வேண்டாம் என்பீர் என்று பயந்தேன். மாற்றம் கையில் வந்தபிறகு சொன்னால் மறுக்க மாட்டீர் என்று நினைத்தேன். அது கோழைத்தனம். உம்மை ஒரு ஆளாக மதிக்காத வேலை. என்னை மன்னித்துக்கொள்ளும். இதை எழுதவே எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

அந்த விண்ணப்பத்தைக் கிழித்து அடுப்பில் போடும். இந்த முறை உமக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறேன்: நாளைக்கு வலயத்துக்குப் போய், என் பழைய இடத்துக்கே திருப்பி விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். எட்டும் ஒன்பதும் போதும். நீர் பட்ட சுமையை இறக்கிவைக்கலாம், தமிழுக்குத் திரும்பலாம். எனக்கு நீர் இல்லாமல் இருக்க ஏலாது.

உமது ஜனா

*

குளத்தடி
22.03.2026

என் அன்பு ஜனாவுக்கு,

"எனக்கு நீர் இல்லாமல் இருக்க ஏலாது" என்ற வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும். மன்னித்துவிட்டேன். அந்த மிச்சப் பாதிக் கோபமும் போய்விட்டது.

இனி எழுதுவது கடினம். ஆனாலும் வேறு ஆட்கள் சொல்லி நீங்கள் அறியக்கூடாது என்று இன்றைக்கே எழுதுகிறேன்.

புதன்கிழமை வலயத்து மேடம் வந்தா. விளாம்பழத்தோடு ஆயத்தமாக நின்றேன். அவா பிள்ளைகளைப் பார்த்து, "கிரகணம் பாத்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டா.  மதுசன் எழும்பி, "இல்லை மேடம், ஏன் பாக்கேல்லை எண்டு கண்டுபிடிச்சனாங்கள்" என்றான். பிறகு என்னை ஒருவரும் பேச விடவில்லை. கோணமானி, நூல், கல், மண்ணில் கணக்கு எல்லாம் வந்தது. நாற்பது நிமிடப் பாடம் ஒரு மணித்தியாலம் போனது. வகுப்பு மூடப்படாது. என் பெயரை விஞ்ஞான ஆசிரியர் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறா. விடுமுறையில் பயிற்சிக்கும் அனுப்பப் போகிறார்களாம்.

வெள்ளிக்கிழமை அதிபர் ஆசிரியர் அறைக்கு வந்தார். "ஜனா மாஸ்டர் திரும்பி வரக் கேட்டிருக்கிறார். விஞ்ஞானத்துக்கு ஒரு இடம்தான். நீங்கள் தமிழுக்குப் போனால் அவரை எடுக்கலாம். என்ன சொல்லுறியள் ரீச்சர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான், "இல்லை சேர். நான் விடமாட்டன்" என்றேன்.

 வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் வர வேண்டும் என்று ஒரு வருடமாக நான் கும்பிடாத சாமி இல்லை. வருகிறேன் என்று நீங்கள் சொன்னபோது அந்த வழியை நானே மறித்துவிட்டேன். உங்கள்மேல் விருப்பம் குறைந்து அல்ல, ஜனா. இந்தப் பாடம் இப்போது எனக்குச் சுமை இல்லை. இறக்கிவைக்க நான் கேட்கவும் இல்லை. அடுத்த தவணைக்கு உப்புகள் இருக்கின்றன, நெருப்பு அணைக்கிற வாயு இருக்கிறது. ஒவ்வொன்றையும் குசினியில் செய்து பார்க்க வேண்டும் என்று கை துடிக்கிறது. இது உங்களுக்கு விளங்கும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் விளங்காவிட்டாலும் உங்களுக்கு விளங்கும்.

ஒட்டுசுட்டானில் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்க ஆள் இல்லை என்று மேடம் சொன்னா. எங்கள் வீட்டில் இருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். கேட்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் இங்கேதான் இருப்பேன்.

வருகிற வெள்ளிக்கிழமை தரம் ஒன்பதுக்கு, பதினெட்டு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் வைத்துச் செய்முறை. இரண்டாம் பாடம், எட்டு முப்பதுக்கு. முதல் பஸ்ஸில் ஏறினால் வந்து சேரலாம். பின் வரிசை வாங்கில் ஒரு இடம் இருக்கிறது. வந்து இருந்து பாருங்கோ. ஆனால் ஒன்று, நான் பிழையாகச் சொன்னாலும் பிள்ளைகளுக்கு முன்னால் திருத்தக்கூடாது. கேள்வி இருந்தால் கையை உயர்த்துங்கோ.

உங்கள்
தர்மிளா